யூஎஸ்பி-சீரியல் கன்வெர்ட்டர்: தராசு எடை பில்லிங்கில் விழவில்லை, கோட் 10 வருகிறது

பலகாரக்கடை:
வீட்டிலிருந்தே பலகாரம் எடை போட்டு விற்கிறோம். 30 கிலோ எலக்ட்ரானிக் தராசு, பின்னால் 9 பின் சீரியல் சாக்கெட். பழைய கம்ப்யூட்டரில் காம்1-ல் கேபிள் செருகியிருந்தது. எடை தானாகப் பில்லில் விழும். புதிய விண்டோஸ் 11 மெஷினில் சீரியல் போர்ட்டே கிடையாது. அதனால் யூஎஸ்பி கன்வெர்ட்டர் வாங்கி அதே கேபிளைச் செருகினோம்.

டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம், கோட் 10. பெயர் வர வேண்டிய இடத்தில் "பிஎல்2303எச்எக்ஸ்ஏ 2012-லிருந்து நிறுத்தப்பட்டது, விற்றவரை அணுகவும்" என்ற பொருளில் ஓர் ஆங்கில வரி. டிரைவரை இரண்டு முறை நீக்கிப் போட்டாயிற்று, யூஎஸ்பி சாக்கெட்டையும் மாற்றியாயிற்று. கன்வெர்ட்டர் செத்துவிட்டதா, தராசில் கோளாறா? எங்கிருந்து பார்க்க ஆரம்பிப்பது?

ஈயப்பற்று:
இரண்டும் இல்லை. கன்வெர்ட்டர் உயிரோடுதான் இருக்கிறது, இல்லாவிட்டால் அந்தப் பெயரே வந்திருக்காது. உள்ளே இருப்பது பழைய பிஎல்2303 சிப், அல்லது அதன் போலி. புதிய டிரைவர் அந்தப் பழைய ரகத்தை அடையாளம் கண்டு வேலை செய்ய மறுக்கிறது. அதே டிரைவரை எத்தனை முறை நீக்கிப் போட்டாலும் இதே பதில்தான் வரும்.

2008-ம் ஆண்டின் 3.3.2.102 டிரைவரைப் போட்டால் பெரும்பாலும் ஓடும். அப்டேட் டிரைவர், பிரவுஸ் மை கம்ப்யூட்டர், லெட் மீ பிக் என்று போய் பட்டியலில் அந்த எண்ணைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆனால் விண்டோஸ் அப்டேட் ஒருநாள் புதியதை மறுபடி ஏற்றிவிடும். விண்டோஸ் செக்யூரிட்டியின் கோர் ஐசொலேஷனில் மெமரி இன்டெக்ரிட்டி என்ற பாதுகாப்பு போட்டிருந்தால் பழைய டிரைவர் தடுக்கப்படவும் கூடும். அதற்காகப் பாதுகாப்பை அணைத்து வைக்காதீர்கள். தினம் பில் போடும் இடத்துக்கு இந்த ஒட்டுவேலை ஆகாது. எஃப்டி232 அல்லது சிஎச்340 சிப் உள்ள வேறொன்று வாங்கிவிடுங்கள்.

டப்பாவில் என்ன அச்சடித்திருந்தாலும் நம்ப வேண்டாம். செருகிய பிறகு டிவைஸ் மேனேஜரில் ப்ராபர்டீஸ், டீடெய்ல்ஸ், ஹார்ட்வேர் ஐடீஸ் பாருங்கள். விஐடி (தயாரிப்பாளர் எண்) 0403 என்றால் எஃப்டிடிஐ (எஃப்டி232-ஐத் தயாரிக்கும் நிறுவனம்), 1ஏ86 என்றால் சிஎச்340, 067பி என்றால் பிஎல்2303 குடும்பம். எஃப்டிடிஐ-யிலும் போலி உண்டு. 2014 அக்டோபரில் அந்த நிறுவனத்தின் டிரைவர் போலி சிப்களின் பிஐடி-யை (சிப் வகை எண்ணை) 0000 என்று மாற்றி முடக்கியது பெரிய சர்ச்சையானது. அதனால் படுமலிவாகக் கிடைக்கும் எஃப்டி232-ஐ விட, நேர்மையாக சிஎச்340 என்றே சொல்லி விற்பது மேல்.

கம்பிவலை:
டிரைவர் சரியானாலும் நேர் கேபிளில் டேட்டா வராது. நல் மோடம் கேபிள் போடுங்க, 2-ம் 3-ம் மாறி இருக்கணும்.

நேர்கம்பி:
மேலே சொன்னது இவருக்குப் பொருந்தாது. கன்வெர்ட்டரின் 9 பின் கனெக்டரும் பழைய காம்1 கனெக்டரும் ஒரே அமைப்பு: 2 வாங்கும் பின், 3 அனுப்பும் பின், 5 கிரவுண்ட். பழைய மெஷினில் எந்தக் கேபிளில் ஓடியதோ அதே கேபிள்தான் இங்கும் சரி. நல் மோடம் போட்டால் ஓடுவதும் நின்றுபோகும்.

புதிய கன்வெர்ட்டர் வந்ததும் தராசை உடனே இணைக்காதீர்கள். முதலில் கன்வெர்ட்டரை மட்டும் சோதியுங்கள். பின்கள் உங்களைப் பார்க்க, ஐந்து பின் வரிசை மேலே இருக்கும்படி பிடித்தால் இடது கோடி 1. அடுத்தடுத்து 2, 3. அவை இரண்டையும் ஒரு ஜம்பர் வயரால் இணையுங்கள், வெளி உலோகக் கூட்டில் படக்கூடாது. புட்டியில் (PuTTY, சீரியல் போர்ட்டில் வருவதைத் திரையில் காட்டும் புரோகிராம்) சீரியல் தேர்ந்தெடுத்து, காம் எண், வேகம் 9600 கொடுத்து, ஃப்ளோ கன்ட்ரோலை 'நன்' (None) ஆக்குங்கள் (மாற்றும் முன் அது எக்ஸ்ஆன்/எக்ஸ்ஆஃப் என்று இருக்கும்). தட்டும் எழுத்து திரையில் தெரிந்து, வயரை எடுத்ததும் தெரியாமல் போனால் கம்ப்யூட்டர், டிரைவர், கன்வெர்ட்டர் மூன்றும் பாஸ்.

அதன் பிறகும் தராசிலிருந்து எதுவும் வராவிட்டால் மல்டிமீட்டரை எடுங்கள். டிசி 20 வோல்ட் ரேஞ்ச், கறுப்பு முனை 5-ல். தராசு ஆனில் இருக்கும்போது அதன் சாக்கெட்டில் 2, 3 இரண்டையும் தொட்டுப் பாருங்கள். மைனஸ் 5 முதல் மைனஸ் 12 வோல்ட் வரை காட்டுவது தராசு அனுப்பும் பின். அது கேபிள் வழியே கன்வெர்ட்டரின் 2-க்கு வர வேண்டும். தராசு விடாமல் அனுப்பிக்கொண்டிருந்தால் மீட்டர் ஆடும், பயப்பட வேண்டாம். சும்மா இருக்கும்போது பிளஸ் 3.3 அல்லது பிளஸ் 5 நிலையாக நின்றால் அது ஆர்எஸ்-232 (வழக்கமான சீரியல் போர்ட் சிக்னல்) அல்ல, டிடிஎல் என்ற குறைந்த வோல்ட் சிக்னல். அதற்கு வேறு வகைக் கன்வெர்ட்டர் வேண்டும்.

தராசை மட்டும் திறக்காதீர்கள். முத்திரை உடைந்தால் மறுபடி பரிசோதித்து முத்திரை வாங்காமல் அதில் எடை போட்டு விற்க முடியாது.

பலகாரக்கடை:
எஃப்டி232 வந்துவிட்டது. 2-ஐயும் 3-ஐயும் இணைத்துப் பார்க்கும் லூப் டெஸ்ட் பாஸ், மஞ்சள் முக்கோணமும் இல்லை. தராசை இணைத்தால் இப்போது மூன்று தொல்லை.
புட்டியில் 0.350 சரியாக வருகிறது, 1.250 வைத்தால் 1-ம் 2-ம் மட்டும் விசித்திரக் குறிகளாக வருகின்றன.
தராசு ஆனில் இருக்கும்போது கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்தால் மவுஸ் அம்பு பேய் பிடித்த மாதிரி ஓடுகிறது, தானாக கிளிக் ஆகிறது.
பில்லிங் சாஃப்ட்வேரில் காம்1 முதல் காம்4 வரைதான் தேர்ந்தெடுக்க முடிகிறது, இது காம்11-ல் உட்கார்ந்திருக்கிறது.

பிட்பைட்:
முதல் தொல்லைக்கு நீங்கள் கொடுத்த இரண்டு எடையே போதும். பாட் ரேட் (வேகம்) தப்பாக இருந்தால் எல்லா எழுத்தும் கெடும். உங்களுக்கு 0, 3, 5 தப்பிக்கின்றன, 1, 2 கெடுகின்றன. தராசு 7 பிட், ஈவன் பாரிட்டியில் (ஒன்றுகளின் எண்ணிக்கையை இரட்டைப்படையாக்கச் சேர்க்கும் சோதனை பிட்) அனுப்புகிறது; புட்டி 8 பிட், பாரிட்டி இல்லை என்று படிக்கிறது. பாரிட்டி பிட் எட்டாவது பிட்டாக உள்ளே நுழைகிறது. ஆஸ்கியில் (எழுத்துகளை பிட்களாக எழுதும் குறியீடு) 0, 3, 5, 6, 9 ஆகியவற்றில் ஒன்றுகளின் எண்ணிக்கை இரட்டைப்படை, பாரிட்டி 0, அதனால் மாறாமல் வரும். 1, 2, 4, 7, 8 ஒற்றைப்படை, அதனால் கெடும். புள்ளி தப்பிக்கும், சிறிய எழுத்தில் வரும் கேஜி (kg) இரண்டு எழுத்தும் கெடும், பாருங்கள். புட்டியில் டேட்டா பிட்ஸ் 7, பாரிட்டி ஈவன், ஸ்டாப் 1 என்று மாற்றுங்கள். பழைய பில்லிங்கில் ஓடியிருக்கிறது என்றால் அங்கே 7, ஈவன் என்றுதான் இருந்திருக்கும். அதே அமைப்பைப் புதியதிலும் கொடுங்கள்.

மவுஸ் பேய் பழைய பேய்தான். விடாமல் வரும் டேட்டாவைப் பார்த்து, சீரியல் மவுஸ் செருகியிருக்கிறது என்று விண்டோஸ் முடிவு கட்டிவிடுகிறது. டிவைஸ் மேனேஜரில் மவுஸ் பகுதியில் 'மைக்ரோசாஃப்ட் சீரியல் பால்பாயிண்ட்' என்று ஒன்று இருக்கும், அதை டிஸேபிள் செய்யுங்கள். அன்இன்ஸ்டால் வேண்டாம், அடுத்த ரீஸ்டார்ட்டில் திரும்பி வரும். எஃப்டிடிஐ-யில் வேரையே வெட்டலாம்: போர்ட் செட்டிங்ஸ், அட்வான்ஸ்டில் 'சீரியல் எனுமரேட்டர்' டிக்கை எடுத்துவிட்டு கன்வெர்ட்டரைக் கழற்றிச் செருகுங்கள். தராசு மெனுவில் தொடர்ந்து அனுப்புவதற்குப் பதில் பிரின்ட் பட்டன் அழுத்தினால் மட்டும் அனுப்பும் வசதி இருந்தால் அதுவும் நல்லது, பில்லிங் அதை ஏற்றுக்கொண்டால்.

காம் எண் அதே அட்வான்ஸ்ட் பெட்டியில். காம்3 'இன் யூஸ்' என்று சொன்னாலும் அது அநேகமாக அந்தப் பழைய கன்வெர்ட்டர் விட்டுப்போன பதிவு. வியூ மெனுவில் 'ஷோ ஹிட்டன் டிவைஸஸ்' போட்டால் மங்கலாகத் தெரியும், அன்இன்ஸ்டால் செய்துவிட்டு எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். மாற்றும்போது புட்டி மூடியிருக்க வேண்டும். பில்லிங் திறக்கும்போதும் அப்படியே. ஒரு காம் போர்ட்டை ஒரே நேரத்தில் ஒரு புரோகிராம்தான் பிடிக்க முடியும்.

பலகாரக்கடை:
7, ஈவன் போட்டதும் 1.250 அப்படியே வந்துவிட்டது. எனுமரேட்டர் டிக்கை எடுத்தேன், மவுஸ் அடங்கிவிட்டது. காம்3-ல் பில்லிங் எடை எடுக்கிறது. யூஎஸ்பி சாக்கெட்டை மாற்றினால் எண் மறுபடி மாறுமா?

பிட்பைட்:
எஃப்டி232-ல் சீரியல் நம்பர் எழுதியிருந்தால் எந்த சாக்கெட்டில் செருகினாலும் அதே காம்3 வரும். சிஎச்340-ல் அந்த நம்பர் பொதுவாக இருக்காது, சாக்கெட்டுக்கு ஒரு எண் கிடைக்கும். அப்படியென்றால் ஒரே சாக்கெட்டில் லேபிள் ஒட்டி விட்டுவிடுவதுதான் வழி. பவர் ஆப்ஷன்ஸில் யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்டையும் அணைத்து வையுங்கள், மதியம் கொஞ்ச நேரம் பில் போடாமல் இருந்தால் போர்ட் தூங்கிப் போகாமல் இருக்கும்.