இசி திரிவதும் சிஎஸ் கசிவதும்: நீங்கள் பார்த்தது என்ன?

பூச்சிமருந்து தரக்கட்டுப்பாட்டு லேபில் வேலை. "மருந்து திரிஞ்சு போச்சு" என்று திரும்பி வரும் இசி (எண்ணெய் போன்ற கரைப்பானில் கரைத்த மருந்து, நீரில் ஊற்றினால் பால்போல் பரவும்) பாட்டில்களில் பலவற்றில் மருந்தின் மேல் குற்றமே இருக்காது. சமீபத்தில் வந்த ஒன்றை வழக்கமான முறையில் சோதித்தேன்: 5 மில்லி மருந்து, நீரோடு சேர்த்து 100 மில்லி, 30 டிகிரி வெப்பம். பூச்சிமருந்துச் சோதனை முறைகளை வகுக்கும் சர்வதேச அமைப்பான சிபாக் வரையறுத்த 20 பிபிஎம் கடினத்தன்மை உள்ள நீரிலும் 342 பிபிஎம் நீரிலும் ஊற்றியதுமே தானாக வெளுத்துப் பரவியது. இரண்டு மணி நேரம் கழித்தும் மேலே மெல்லிய ஆடை, அவ்வளவுதான். புகார் செய்தவர் அனுப்பிய நீரில் மட்டும் அரை மணிக்குள் மஞ்சள் எண்ணெய் தனியாக மிதந்தது. அதில் நுண்ணூட்ட உரம் கரைத்திருந்தார் என்பது இரண்டாவது முறை ஃபோனில் பேசும்போதுதான் தெரிந்தது!

ஆடை படிந்தால் பயமில்லை, ஜாடியைக் கவிழ்த்து நிமிர்த்தினால் கலந்துவிடும். துளிகள் உடையாமல்தான் இருக்கின்றன. எண்ணெய் பிரிந்தால் கதை வேறு. துளிகளை ஒன்றோடொன்று ஒட்டவிடாமல் தள்ளி வைத்திருந்த மின்னூட்டத்தை உரத்திலுள்ள உப்பு மழுங்கடித்துவிடுகிறது; துளிகள் ஒன்றுசேர்ந்து பெரிதாகின்றன. அப்புறம் எவ்வளவு குலுக்கினாலும் பழைய நிலை வராது. அதைத் தெளித்தால் ஒரு பக்கம் இலை கருகும், இன்னொரு பக்கம் வெறும் தண்ணீர் போகும்.

*

நல்ல பதிவு சார். நான் சிஎஸ் (மருந்தை நுண்ணிய கேப்சூல்களில் அடைத்து நீரில் மிதக்கவிடும் வகை) தயாரிப்பில் இருக்கிறேன், எங்களுக்கும் எல்லாம் எமல்ஷனில்தான், அதாவது நீரில் பரவிய எண்ணெய்த் துளிகளில்தான் ஆரம்பம். மருந்தோடு ஐசோசயனேட்டை எண்ணெய்ப் பக்கம் கரைத்து, நீரில் துளிகளாக்கி, பிறகு அமீன் சேர்ப்போம். இரண்டும் துளியின் மேற்பரப்பில் சந்திக்கும் இடத்தில் பாலியூரியா என்ற பிளாஸ்டிக் சுவர் எழும்பும். சுவர் எழும்பிய பின் துளியின் அளவை மாற்ற வழியில்லை. அதனால் அமீன் ஊற்றும் முன் மைக்ரோஸ்கோப்பில் ஒரு முறை பார்க்காமல் யாரையும் வால்வைத் திறக்க விடமாட்டேன். சுவருக்கான பொருள் அதே அளவு, துளி மட்டும் சிறிதானால்? மொத்தப் பரப்பு கூடும், சுவர் மெலியும், மருந்து வேகமாக வெளியேறும். நாள்கணக்கில் நிற்க வேண்டியது சீக்கிரமே தீர்ந்துவிடும்.

தெளிப்பு டேங்க்கில் சிஎஸ்ஸோடு இசி சேர்ப்பதுதான் எனக்குப் பெரிய தலைவலி. கண்ணுக்கு எதுவும் தெரியாது, கலவை அழகாகவே நிற்கும். அப்படி ஒரு கலவையில் சொட்டு எடுத்துப் பார்த்தேன்: உருண்டையாக இருக்க வேண்டிய கேப்சூல்கள் உலர் திராட்சை மாதிரி சுருங்கிக் கிடந்தன. இசியின் கரைப்பான் சுவரை ஊறவைத்து உள்ளே இருந்ததை இழுத்துவிட்டிருந்தது. கடுங்குளிரில் உறைந்த சிஎஸ்ஸும் இப்படித்தான், சுவர் கிழிந்துபோகலாம்.

*

தேனீ வளர்ப்பவன் என்ற முறையில் ஒன்று. மெதுவாக வெளியேறுவதால் சிஎஸ் எல்லா உயிருக்கும் மென்மையானது என்று நினைக்க வேண்டாம். கையாளுபவரின் தோலுக்கு ஆபத்து குறையும், சரி. 1970களில் மெத்தில் பாரத்தியான் என்ற பூச்சிக்கொல்லியைக் கேப்சூலாக்கி விற்றபோது அந்தக் கேப்சூல்களின் பருமன் மகரந்தத் தூளை ஒட்டி இருந்தது. தேனீக்கள் அதையும் மகரந்தத்தோடு சேர்த்துக் கூட்டுக்குக் கொண்டுபோய்ச் சேமித்தன. வயலில் வேலை முடிந்த பிறகும் அடைக்குள் விஷம் இருந்தது. பூக்கும் பயிருக்கு சிஎஸ் அடிப்பவர்கள் பக்கத்தில் பெட்டி வைத்திருப்பவரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.