டயர் உரசிச் சேதமான மட்கார்டு: தட்டிச் சரிசெய்வதா, புதிதாக மாற்றுவதா?

கேள்வி (சாட்ஸ்வர்த், டர்பன்)

அனைவருக்கும் வணக்கம். என் மகள் பல்கலைக்கழகத்துக்குச் சென்று வருவதற்காக 2005ஆம் ஆண்டு டொயோட்டா கொரோலா ஒன்றை வாங்கினோம். முன்பு வைத்திருந்தவர், வண்டியோடு வந்த 15 அங்குலச் சக்கரங்களை நீக்கிவிட்டு 17 அங்குல மேக் (அலாய்) சக்கரங்களைப் பொருத்தியிருக்கிறார். வண்டியும் வழக்கத்தைவிடத் தாழ்ந்து நிற்கிறது.

மகள் தனியாக ஓட்டும்போது ஓசை எதுவும் இல்லை. புனித வெள்ளியன்று குடும்பத்தோடு இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலுக்குச் சென்றபோது, பின்னிருக்கையில் மூவர் அமர்ந்ததும் ஒவ்வொரு வேகத்தடையிலும் பின்சக்கரங்கள் இரண்டும் மேலே உரசின. வீட்டுக்கு வந்து பார்த்தால், பின்பக்கச் சக்கர வளைவின் உள்மடிப்பில் பெயின்ட் முழுவதும் தேய்ந்து தகரம் தெரிகிறது. வலப்பக்கத்தில் மடிப்புக்குச் சற்று மேலே பெயின்ட் கொப்புளமாகக் கிளம்பியிருக்கிறது. முன்பக்கத்தில் இடது சக்கரம் மட்டும், ஸ்டியரிங்கை முழுவதும் திருப்பும்போது, கதவை ஒட்டிய பகுதியில் உரசுகிறது. அங்கே மட்கார்டின் விளிம்பு கிழிந்து வெளியே வளைந்துவிட்டது. உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் தட்டும் ஓட்டையாகிவிட்டது.

ஒரு பேனல் பீட்டர் (வண்டித் தகர வேலை செய்பவர்), முன் மட்கார்டுகள் இரண்டையும் மாற்றிவிட்டுப் பின்மடிப்பைக் கிரைண்டரால் அறுத்தெடுத்துவிடலாம் என்கிறார். இன்னொருவர், எல்லாவற்றையும் பட்டி பூசிப் பெயின்ட் அடித்தால் போதும் என்கிறார். வண்டி இன்னும் பல ஆண்டுகள் ஓட வேண்டும் என்பதால், எது சரியான வழி என்று அனுபவமுள்ளவர்கள் கூற வேண்டுகிறேன்.

பதில் 1 (ஃபீனிக்ஸ், சக்கரச் சீரமைப்புப் பணியில் இருப்பவர்)

ஐயா, இருவர் கூறியதையும் இப்போதைக்கு ஒத்திவையுங்கள். உரசலுக்கான காரணத்தை நீக்காமல் மட்கார்டைத் தொட்டால், புதுப் பெயின்டும் அதே இடத்தில் தேய்ந்து போகும். உங்கள் வண்டியில் இரண்டு வேறு காரணங்கள் இருப்பதாகத் தெரிகிறது.

பின்பக்கத்தில் இரண்டு சக்கரங்களும் ஒரே மாதிரி உரசுவதால் அங்கே அளவுதான் பிழை. டிக்கியில் கம்பெனி ஸ்பேர் சக்கரம் இருந்தால் அதன் ரிம்மில் அகலமும் ஆஃப்செட்டும் பொறித்திருக்கும். ஆஃப்செட் என்பது ரிம்மின் நடுக்கோட்டுக்கும், அது வண்டியில் பொருந்தும் முகத்துக்கும் இடையிலுள்ள தூரம்; அது குறையக் குறையச் சக்கரம் வெளியே வரும். மேக் சக்கரத்திலும் அவ்வாறே. உதாரணமாக, பழையது 195/60 ஆர்15 (அகலம் 195 மி.மீ., பக்கச்சுவர் உயரம் அகலத்தில் 60 சதவீதம், ரிம் 15 அங்குலம்) டயரும் 45 மி.மீ. ஆஃப்செட்டும், புதியது 215/45 ஆர்17 டயரும் 35 மி.மீ. ஆஃப்செட்டும் என்று வைத்துக்கொள்வோம். டயரின் அகலம் 20 மி.மீ. கூடியிருக்கிறது. ஆஃப்செட் மாறாமல் இருந்திருந்தால் அது உள்ளே பத்தும் வெளியே பத்துமாகப் பங்கிடப்பட்டிருக்கும், 10 மி.மீ. குறைந்துவிட்டதால் அந்த 20 மி.மீ. முழுவதும் மட்கார்டை நோக்கியே வெளியே வந்துவிட்டது. விட்டமும் 615 மி.மீ. என்பதிலிருந்து 625 ஆகிறது. அதோடு வண்டியைத் தாழ்த்தியும் விட்டால், ஆட்கள் ஏறியதும் உரசாமல் என்ன செய்யும்?

சக்கரத்தைக் கழற்றிப் பின் ஸ்பிரிங்கின் முனையைப் பாருங்கள். கிரைண்டரால் வெட்டிய அடையாளம் இருந்தால் அந்த ஸ்பிரிங்கை வைத்து ஓட்ட வேண்டாம். சரியான ஜோடியை வாங்கிப் போடுங்கள். 15 அங்குலத்துக்கே திரும்புவது மிக எளிய வழி. மகளுக்கு 17 அங்குலம்தான் வேண்டும் என்றால், 7 அங்குல அகலமும் 45 ஆஃப்செட்டும் உள்ள ரிம்மில் 205/45 ஆர்17 டயர் போடலாம். அதன் விட்டம் 616 மி.மீ.தான், வெளியே வருவதும் 5 மி.மீ.தான். ஆனால் டயரின் சுமைக் குறியீடு, வண்டியோடு வந்த டயருக்கு உரியதைவிடக் குறையக் கூடாது. அந்தப் பழைய அளவில் வழக்கமாக 88 என்றிருக்கும். அது ஒரு டயருக்கு 560 கிலோ.

முன்பக்கம் வேறு விஷயம். ஒரே பக்கம் உரசினால் ஏதோ ஒன்று வளைந்திருக்கிறது என்றே முதலில் ஐயப்பட வேண்டும். 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு நம் பக்கத்துச் சாலைகளில் விழுந்த குழிகளால், கீழ்க்கை (சக்கரத்தை வண்டியோடு கீழே இணைக்கும் இரும்புக் கை) வளைந்து சக்கரம் பின்னோக்கித் தள்ளப்பட்ட வண்டிகளை நிறையப் பார்த்துவிட்டேன். ஸ்டியரிங்கை நேராக வைத்து, முன்சக்கர மையத்துக்கும் பின்சக்கர மையத்துக்கும் இடையிலுள்ள தூரத்தை இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள்.

பதில் 2 (டோங்காட், பேனல் பீட்டர்)

மேலே ஃபீனிக்ஸ் அண்ணன் கூறிய வரிசையில்தான் வேலை நடக்க வேண்டும். தகர வேலையைப் பற்றி நான் கூறுகிறேன், ஏனென்றால் பின்மடிப்பை அறுத்தெடுக்கலாம் என்ற யோசனை எனக்குப் பெரும் கவலையைத் தருகிறது.

முன் மட்கார்டு போல்ட்டில் நிற்பது. பானெட் ஓரத்தில் சில, கதவைத் திறந்தால் தெரியும் தூணில் ஒன்று, கீழே படிப்பகுதியில் ஒன்று, பம்பர் பக்கம் சில என்று கழற்றினால் கையோடு வந்துவிடும். பின்பக்கம் அப்படியில்லை. அது வண்டியின் கூட்டோடு பற்றவைக்கப்பட்ட தகரம். வெளித்தகரமும் உட்தகரமும் சக்கர வளைவில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து, புள்ளி வெல்டிங்கால் இணைந்து, மேலே சீலர் (நீர் புகாமல் அடைக்கும் பசை) பூசப்பட்டிருக்கும். நீங்கள் மடிப்பு என்று பார்ப்பது அந்த இணைப்பைத்தான். அதை அறுத்தால் இரண்டு தகரங்களும் பிரிந்து வாய் திறந்துகொள்ளும். டயர் வாரியடிக்கும் தண்ணீர் நேராக உள்ளே போகும். நம் ஊர்க் கடற்காற்றில் அந்தத் துரு எவ்வளவு வேகமாகப் பரவும் என்பதை நான் கூறவேண்டியதில்லை. இடப்பக்கம் நல்ல தகரம் இருக்கும்போது அதை அறுக்க ஒருபோதும் சம்மதிக்காதீர்கள்.

சக்கரம் சரியான அளவுக்கு வந்தபின் இடப்பக்கத்தில் மடிப்பைத் தொடவே தேவையிருக்காது. தேய்ந்த இடத்தை வெறும் தகரம் வரை சுத்தம் செய்து, எபாக்சி பிரைமர் (துருவைத் தடுக்கும் அடிப்பூச்சு) அடித்து, அதன்மேல் சீலர், பிறகு பெயின்ட் என்று முடிக்கலாம். சீலரை நேரடியாகத் தகரத்தின்மேல் பூசக் கூடாது, பிரைமருக்குப் பிறகுதான். பெரிய சக்கரமே வேண்டும் என்று முடிவானால், ஹப்பில் (சக்கரம் மாட்டும் மையத்தில்) பொருத்தும் உருளைக் கருவியால் மடிப்பை உட்புறமாகப் படிய வைக்கலாம். ஹீட் கன்னால் பெயின்டைக் கை வைக்க முடியாத அளவுக்குச் சூடாக்கி, சிறிது சிறிதாக, பலமுறை உருட்ட வேண்டும். சூடு ஆறினால் பெயின்ட் வெடிக்கும். டயருக்கும் மட்கார்டுக்கும் இடையில் பேஸ்பால் மட்டையைச் செருகி வண்டியைத் தள்ளும் பழக்கம் சில இளைஞர்களிடம் இருக்கிறது. அதனால் வளைவு அலையலையாகிவிடும். எந்த முறையில் செய்தாலும் மடிப்பிலுள்ள பழைய சீலர் விரிசல் விட்டிருக்கும். அதைச் சுரண்டிவிட்டுப் புதிதாகப் பூசாமல் வண்டியை வெளியே எடுக்கக் கூடாது.

வலப்பக்கக் கொப்புளத்தைச் சாதாரணமாக எண்ண வேண்டாம். அங்கே துரு உள்ளிருந்து வெளியே வந்திருக்கிறது. பெயின்டைச் சுரண்டிப் பார்த்தால், கண்ணுக்குத் தெரிந்த கொப்புளத்தைவிடப் பெரிய ஓட்டை அநேகமாக இருக்கும். அதன்மேல் பட்டி பூசினால் பட்டி ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு அடியிலுள்ள துருவை வளர்க்கும். மறு ஆண்டே மீண்டும் கிளம்பும். நல்ல தகரம் வரும்வரை வெட்டியெடுத்து, வளைவுப் பகுதிக்கென்றே கிடைக்கும் துண்டுத் தகரத்தை அளவாக நறுக்கிப் பற்றவைப்பதுதான் முறை. ஒரே கோடாக வெல்டிங் ஓட்டினால் மெல்லிய தகரம் நெளிந்துவிடும் என்பதால், தள்ளித் தள்ளிப் புள்ளி வைத்து இடைவெளிகளைப் பிறகு நிரப்ப வேண்டும். பேட்டரி இணைப்பைக் கழற்றுவது கட்டாயம். பெட்ரோல் ஊற்றும் குழாய் செல்லும் பக்கமாக இருந்தால், குழாயை அகற்றாமல் நெருப்பு வைக்கவே கூடாது. எல்லாம் முடிந்தபின் டிக்கிப் பக்கத்து அட்டையைக் கழற்றி, உட்புறத்தில் துருத் தடுப்பு மெழுகை நீளக் குழாய் மூலம் பீய்ச்சச் சொல்லுங்கள். பலரும் விட்டுவிடும் வேலை இதுதான். வேலை நிலைப்பதும் இதனால்தான்.

முன் மட்கார்டைப் பொறுத்தவரை, விளிம்பு கிழிந்துவிட்டதால் இடது பக்கத்தை மாற்றுங்கள். வலது பக்கத்தை மாற்ற எந்தக் காரணமும் இல்லை.

பதில் 3 (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். டயரின் தோள்பகுதியைக் கையால் தடவிப் பாருங்கள். உள்நூல் வெளியே தெரிந்தாலோ வெட்டு விழுந்திருந்தாலோ அந்த டயரை உடனே ஒதுக்கிவிடுங்கள். என்-2 நெடுஞ்சாலையில் அது வெடித்தால் மட்கார்டைப் பற்றிக் கவலைப்பட நேரம் இருக்காது. பிற்காலத்தில் வண்டியை விற்கும்போது ரோட்வர்தி (சாலைத் தகுதி) சோதனையிலும் உரசும் டயரைத் தள்ளிவிடுவார்கள். சக்கரமும் ஸ்பிரிங்கும் மாற்றப்பட்ட செய்தியைக் காப்பீட்டாரிடம் எழுத்தில் தெரிவித்துவிடுவதும் நல்லது.

கேட்டவர்

மூவருக்கும் நன்றி. அளந்து பார்த்ததில் இடப்பக்கம் 14 மி.மீ. குறைகிறது, பின் ஸ்பிரிங்குகளும் வெட்டப்பட்டிருக்கின்றன. கம்பெனி அளவுக்கே திரும்ப முடிவு செய்துவிட்டோம். கீழ்க்கையை மாற்றியபின், இடது மட்கார்டைப் புதிதாக வாங்குவதா, ஸ்க்ராப்யார்டில் அதே நிறத்தில் தேடுவதா?

பதில் 2 (டோங்காட்)

ஸ்க்ராப்யார்டில் தேடுங்கள், ஐயா. வெளிச்சந்தையில் விற்கும் மலிவான மட்கார்டுகள் பல மெல்லியவை. கதவுக்கும் பானெட்டுக்கும் இடையிலுள்ள சந்து ஒரே சீராக வராது. வாங்கும்முன் ஒரு சிறிய காந்தத்தைத் துணியில் சுற்றி வளைவு நெடுக நகர்த்திப் பாருங்கள். பிடி தளரும் இடத்தில் பட்டி இருக்கிறது. கீழ்ப்பகுதியைத் திருப்பி, கதவோரம் சேறு தங்கும் மூலையில் துரு இருக்கிறதா என்று பாருங்கள். நிறம் ஒன்றே என்றாலும் வெயில் பட்ட அளவு வேறாக இருக்கும்; அதனால் பெயின்டர் கதவின்மேலும் சிறிது இழைத்து அடித்தால்தான் வித்தியாசம் தெரியாது. உள் பிளாஸ்டிக் தட்டையும் அதே வண்டியிலிருந்து கிளிப்புகளோடு கேட்டு வாங்கிவிடுங்கள். அது இல்லாமல் ஓட்டினால் சேறு முழுவதும் மட்கார்டுக்கும் தூணுக்கும் இடையில் அடைந்துகொள்ளும்.