மறு: காரிலேயே இருக்கும் கராஜ் பொத்தான்களை ‘நிரலாக்க’ வேண்டுமா?

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

கார்க் கையேட்டைத் தமிழாக்குவதற்கு ரொறன்ரோ அண்ணை அனுப்பிய சொற்பட்டியலைப் பார்த்தேன். பெரிய வேலை, நன்றி. பெரும்பாலான சொற்களில் எனக்கு மறுப்பு இல்லை. கராஜ் கதவுப் பொத்தான்கள் வரும் பக்கத்தில்தான் சிக்கல். ஆங்கிலக் கையேட்டில் புரோகிராம், டிரெயின், லேர்ன் என்று மூன்று சொற்கள் வருகின்றன, அண்ணை மூன்றுக்கும் ‘நிரலாக்கு’ என்றே போட்டிருக்கிறார். அப்படிப் போட்டால் கையேட்டைப் பார்த்துச் செய்கிறவர் பாதி வேலையிலேயே நின்றுவிடுவார் என்பது என் வாதம். சொல் அழகாக இருக்கிறதா இல்லையா என்பதெல்லாம் அப்புறம்.

ஊரிலிருந்து படிக்கிறவர்களுக்காக முதலில் பொருளைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவிலும் கனடாவிலும் புறநகர் வீடுகளில் கார் நிறுத்தும் அறை வீட்டோடு ஒட்டியே இருக்கும். அதன் கதவு தண்டவாளத்தில் ஏறி மேற்கூரைக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். அதை இழுக்கிற மோட்டார் கூரையில் தொங்கும். மோட்டாரோடு ஒரு கை ரிமோட் தருவார்கள், அதைக் காரின் வெயில் மறைப்பில் செருகி வைப்பார்கள். இந்தத் தொல்லை வேண்டாம் என்று காரிலேயே, பின்பார்வைக் கண்ணாடியின் அடியிலோ வெயில் மறைப்பிலோ தலைக்கு மேலேயோ, மூன்று பொத்தான்கள் வைத்திருக்கிறார்கள். இவற்றில் பெரும்பான்மை ஹோம்லிங்க் என்ற பெயரில் வருபவை. மிச்சிகனில் ஹாலண்ட் என்ற ஊரில் இருந்த பிரின்ஸ் நிறுவனம் உருவாக்கியது, பிறகு ஜான்சன் கன்ட்ரோல்ஸ் கைக்குப் போய், 2013இல் பக்கத்து ஊரான ஜீலண்டில் உள்ள ஜென்டெக்ஸ் வாங்கிக்கொண்டது. நான் இருக்கும் டெட்ராய்ட் பக்கம் கார்த் தொழிலில் தமிழர்கள் நிறைய, அதனால் இந்தச் சொல் வேலை வெறும் ஆசைக்குச் செய்வது இல்லை.

சரி, அந்தப் பொத்தானுக்குள் என்ன நடக்கிறது?

பழைய வகையில் ரிமோட்டின் வயிற்றைத் திறந்தால் எட்டோ பத்தோ பன்னிரண்டோ குட்டி ஆளிகள் வரிசையாக இருக்கும் (இலங்கைக்காரர்களின் ‘ஆளி’ எவ்வளவு நல்ல சொல், நாம் இன்னும் சுவிட்சையே பிடித்துத் தொங்குகிறோம்). அவற்றை மேலும் கீழும் தள்ளி ஒரு எண்ணை அமைக்கிறோம். ரிமோட் எப்போதும் அதே எண்ணைத்தான் காற்றில் அனுப்பும். இந்த வகைக்குக் கார்ப் பொத்தானைத் தயார் செய்வது எளிது: ரிமோட்டைக் கார்ப் பொத்தானிலிருந்து நாலைந்து சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து இரண்டையும் சேர்த்து அமுக்கினால், மெதுவாக மினுக்கிய விளக்கு வேகமாக மினுக்கும். வேலை முடிந்தது. கார் அந்த எண்ணையும் அதன் அதிர்வெண்ணையும் கேட்டு வைத்துக்கொண்டது. தமிழ்நாட்டில் செட்டாப் பெட்டி ரிமோட்டையும் டிவி ரிமோட்டையும் முகத்துக்கு முகம் வைத்து ஒலிப் பொத்தானை மாற்றிக்கொடுக்கிறோமே, அதே கதைதான், அங்கே அகச்சிவப்பு ஒளி, இங்கே வானொலி அலை. அதைச் செய்கிற ஒருவராவது ‘ரிமோட்டை நிரலாக்கினேன்’ என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? ‘செட் பண்ணேன்’ என்பார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நிரல் எழுதுவது வேறு வேலை, இங்கே யாரும் கட்டளை எதையும் எழுதவில்லை.

புதிய வகை, அதாவது 1990களின் நடுப்பகுதியிலிருந்து பரவியது, இப்படி அடங்காது. ரிமோட் ஒவ்வொரு அமுக்கலுக்கும் ஒரு புதிய எண்ணை அனுப்பும். உள்ளே ஒரு எண்ணி (கவுன்டர்) ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டே போகும், அதை ஒரு இரகசியச் சாவியால் குழப்பித்தான் காற்றில் விடும். கூரையில் இருக்கும் மோட்டாரும் அந்த எண்ணியைத் தன் பங்குக்குக் கணக்கு வைத்திருக்கும். ஒருமுறை ஏற்றுக்கொண்ட எண்ணை மறுபடி ஏற்காது. நீங்கள் கடையில் நின்று சும்மா பத்து முறை அமுக்கிவிட்டு வந்தாலும் கொஞ்சம் முன்னால் தேடிப் பார்த்துப் பிடித்துக்கொள்ளும். ஆகவே வழியில் ஒருவர் ஒட்டுக்கேட்டுப் பதிவு செய்து திரும்ப ஒலிபரப்பினால் கதவு அசையாது.

இதனால் என்ன ஆகிறது என்றால், காருக்கு ரிமோட்டைக் காட்டினால் மட்டும் போதாது. கார் அந்த ரிமோட்டிடமிருந்து தெரிந்துகொள்வது அது எந்த வகை, எந்த அதிர்வெண் என்பதைத்தான். அதன் பிறகு கார் தனக்கென ஒரு அடையாளத்தோடு பேச ஆரம்பிக்கும், ஆனால் அந்தப் புதுக் குரலை மோட்டாருக்குத் தெரியாது. ஏணியில் ஏறி மோட்டாரின் முதுகில் இருக்கும் பொத்தானை ஒருமுறை அமுக்கிவிட்டு, அரை நிமிடத்துக்குள் இறங்கி ஓடிவந்து, காரில் இருக்கும் பொத்தானை இரண்டு நொடி பிடித்து விட வேண்டும், இரண்டு முறை, சிலவற்றுக்கு மூன்று முறை. அப்போதுதான் மோட்டார் காரைச் சேர்த்துக்கொள்ளும். வீட்டில் இன்னொருவர் இருந்தால் ஓட்டம் மிச்சம்.

பாருங்கள், இரண்டு வேலை, இரண்டு இடம், கற்றுக்கொள்கிற ஆளும் வேறு வேறு. முதலாவதில் கற்றுக்கொள்வது கார். இரண்டாவதில் கற்றுக்கொள்வது மோட்டார். இரண்டுக்கும் ‘நிரலாக்கு’ என்று எழுதினால், முதல் வேலை முடிந்து விளக்கு வேகமாக மினுக்கியதும் ‘நிரலாக்கம் முடிந்தது’ என்று படிக்கிறவர் நினைப்பார், கதவு திறக்காது, கார்தான் பழுது என்று விற்பனை நிலையத்துக்கு ஓட்டிக்கொண்டு போவார்.

என் பரிந்துரை: பழக்கு, பழகு.

உருகு–உருக்கு, அடங்கு–அடக்கு மாதிரி பழகு–பழக்கு. தன்வினையும் பிறவினையும் ஒரே வேரில் கிடைக்கிறது. காரில் இருக்கும் பொத்தானை ரிமோட்டைக் காட்டிப் பழக்குகிறோம். மோட்டாரில் இருப்பது பழகு பொத்தான், அதை அமுக்கினால் மோட்டார் அடுத்து வரும் குரலோடு பழகிக்கொள்ளும். யார் கற்பது, யார் கற்பிப்பது என்பது வினைச்சொல்லிலேயே தெரிந்துவிடுகிறது, அடிக்குறிப்பு தேவையில்லை. மாட்டை வண்டிக்குப் பழக்குவோம், பிள்ளை கார் பழகுகிறான் என்போம், யாழ்ப்பாணத்திலும் மதுரையிலும் இது விளங்கும்.

இதற்கு எதிராக வரக்கூடியவற்றை நானே சொல்லிவிடுகிறேன். ‘பழகு’ என்றால் மனிதர்களோடு பழகுவது அல்லவா என்று கேட்பீர்கள். ஆமாம், அதுவும் இங்கே பொருந்துகிறது, மோட்டாருக்கு அறிமுகம் இல்லாத குரல் அறிமுகமாகிறது. ‘பயிற்று’ இருக்கிறதே என்றால், அதை இயந்திரக் கற்றல்காரர்கள் ஏற்கெனவே எடுத்துக்கொண்டார்கள், அவர்களிடமே இருக்கட்டும். ‘இணை’ என்று போன வாரம் ஒருவர் எழுதியிருந்தார், புளூடூத்துக்கு அதுதான் வழக்கம் என்று. புளூடூத்தில் இரண்டு பக்கமும் ஒன்றோடொன்று பேசும், கேட்டதற்குப் பதில் வரும். இங்கே பெரும்பாலான கருவிகளில் ஒருவழிப் பேச்சுதான். கார் சொல்லும், மோட்டார் கேட்கும், கதவு திறந்ததா என்று காருக்குத் தெரியாது. கதவின் நிலையைத் திருப்பிச் சொல்லும் புதிய மாதிரிகள் வந்திருக்கின்றன, அவற்றுக்கு வேண்டுமானால் ‘இணை’யை வைத்துக்கொள்ளலாம்.

அடுத்து ரோலிங் கோட், அதாவது ஒவ்வொரு அமுக்கலுக்கும் எண் மாறும் அந்தப் புதிய வகைக்கு ஆங்கிலப் பெயர். பட்டியலில் ‘உருள்குறி’ என்று இருக்கிறது, இன்னொரு மடலில் ‘சுழற்குறி’. சுழல்வது திரும்ப அதே இடத்துக்கு வரும். இந்தக் கருவியின் பாதுகாப்பே திரும்ப வராமல் இருப்பதில்தான் இருக்கிறது! ‘மாறுகுறி’ பரவாயில்லை என்று முதலில் தோன்றும், ஆனால் குட்டி ஆளிகளை நகர்த்திப் பழைய வகையையும் நாமே மாற்றலாமே. ஆகவே ‘ஒருமுறைக் குறியீடு’ என்கிறேன். வங்கியிலிருந்து குறுஞ்செய்தியில் வரும் ஒருமுறை கடவுச்சொல் எல்லோருக்கும் தெரியும், அதே தருக்கம்தான். பழைய வகைக்கு ‘நிலைக் குறியீடு’. வெறும் ‘குறி’ வேண்டாம். ஒருவர் குறி சொல்லுவதை நினைப்பார், இன்னொருவர் சிரிப்பார்.

இந்த வேறுபாட்டைக் கையேடு தெளிவாகச் சொல்லியாக வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பன்னிரண்டு ஆளி உள்ள நிலைக் குறியீட்டில் மொத்தமே 4096 சாத்தியங்கள். 2015இல் சாமி கம்கார் என்ற பாதுகாப்பு ஆய்வாளர், மேட்டல் நிறுவனம் விற்பதை நிறுத்திவிட்ட ஒரு குழந்தைகள் பொம்மையைத் திருத்தி, இப்படிப்பட்ட கதவுகளைப் பத்து நொடிக்குள் திறக்க முடியும் என்று காட்டினார். ஒவ்வொரு எண்ணாக முயலவில்லை. மோட்டாரில் இருக்கும் பழைய அலைவாங்கிகள் பல, எண்ணுக்கும் எண்ணுக்கும் நடுவே இடைவெளி எதிர்பார்ப்பதில்லை, கடைசியாக வந்த பன்னிரண்டு இலக்கத்தை மட்டும் பார்க்கும். அதனால் ஒரு எண்ணின் வாலையே அடுத்த எண்ணின் தலையாக்கி எல்லாவற்றையும் ஒரே நீளச் சங்கிலியாகக் கோத்துவிட்டார். கணிதத்தில் அதற்கு டி புருயின் தொடர் என்று பெயர், நமக்கு அந்தாதி என்றால் உடனே புரிந்துவிடும். (அதற்கும் கலைச்சொல் வேண்டும் என்று யாராவது கிளம்பினால் நான் ‘அந்தாதித் தொடர்’ என்று இப்போதே துண்டு போட்டுவிடுகிறேன்.) ஒருமுறைக் குறியீடும் இரும்புக் கோட்டை என்று சொல்ல வரவில்லை. அதே ஆண்டு அவரே, முதல் அமுக்கலை இரைச்சலால் மறித்துத் திருடி வைத்துக்கொண்டு, இரண்டாவது அமுக்கலையும் திருடிவிட்டு முதலாவதை மட்டும் அனுப்பி, பயன்படாத ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளும் கருவியையும் காட்டினார். ஆனாலும் இரண்டு வகைக்கும் உள்ள தூரம் பெரியது.

‘திறப்பான்’ பற்றி. கதவை இழுக்கும் மோட்டார்க் கருவிக்கு ஆங்கிலத்தில் வரும் ஓப்பனர் என்பதை அப்படியே எடுத்திருக்கிறீர்கள், ஆனால் இலங்கையில் திறப்பு என்றால் சாவி, ‘கராஜ் திறப்பு’ என்று சுருக்கினால் அண்ணை வீட்டிலேயே சாவியைத்தான் எடுத்து நீட்டுவார்கள். அதோடு இந்தக் கருவி மூடவும் செய்கிறது, ஆபத்து மூடும்போதுதான். குழந்தைகள் கதவுக்கு அடியில் சிக்கி இறந்த பிறகுதான் அமெரிக்காவில் 1993 முதல் புதிய கருவிகளில் குறுக்கே ஆள் இருப்பதை உணரும் கண் போன்ற கூடுதல் காப்பைக் கட்டாயமாக்கினார்கள். தடை பட்டால் நின்று மேலே திரும்பாத பழைய கருவிகளோடு, குறிப்பாக 1982 ஏப்ரலுக்கு முன் செய்தவற்றோடு, இந்தப் பொத்தான்களைப் பயன்படுத்தாதீர்கள் என்று கையேட்டிலேயே எச்சரிக்கை வரும். அந்த எச்சரிக்கை வரியில் ‘திறப்பான்’ என்று எழுதினால் மூடுகிற பாதி மறைந்துபோகும். ‘கதவியக்கி’ போதும்.

கராஜுக்குக் கொட்டகை, கொட்டில் எதுவும் வேண்டாம், ‘கராஜ்’ என்றே இருக்கட்டும். கார் பழுது பார்க்கும் இடத்தையும் அப்படிச் சொல்கிறோம் என்பது தெரியும், இந்தப் பக்கத்தில் யாரும் குழம்பமாட்டார்கள். அதிர்வெண்ணா (தமிழ்நாடு) மீடிறனா (இலங்கை) என்ற பழைய சண்டையை இங்கே திறக்காமல், இரண்டு நாட்டுப் பதிப்பிலும் அவரவர் பாடநூல் வழக்கை வைத்துக்கொள்ளலாம்.

இந்தச் சொற்களைப் போட்டு ஒரு பத்தி எழுதிப் பார்த்தேன்:

“முதலில் வெளிப்பக்கப் பொத்தான்கள் இரண்டையும் விளக்கு மினுக்கும்வரை சேர்த்துப் பிடித்து, முன்பு பழகியவற்றை அழியுங்கள். கை ரிமோட்டைக் கிட்டே பிடித்து, வேண்டிய பொத்தானைப் பழக்குங்கள். கனடாவில் ரிமோட் சில நொடிகளில் தானே நின்றுவிடும் என்பதால் அதை விட்டுவிட்டு அமுக்குங்கள். உங்கள் கதவியக்கி ஒருமுறைக் குறியீட்டு வகை என்றால் இன்னும் முடியவில்லை: கதவியக்கியின் பழகு பொத்தானை அமுக்கிவிட்டு, 30 நொடிக்குள் காரில் பழக்கிய பொத்தானை இரண்டு நொடி பிடித்து விடுங்கள், மீண்டும் ஒருமுறை செய்யுங்கள். காரை விற்கும்போது எல்லாப் பொத்தான்களையும் அழியுங்கள். கார் களவு போனால், கதவியக்கியின் பழகு பொத்தானை விளக்கு அணையும்வரை பிடித்து அது பழகிய எல்லாவற்றையும் அழியுங்கள்.”

ஆங்கிலத்தில் ‘சைக்கிள்’ என்று எழுதிப் படிக்கிறவரைத் திணறடிக்கும் இடத்தில் ‘விட்டுவிட்டு அமுக்கு’ என்று நமக்குக் கையிலேயே இருந்தது, பார்த்தீர்களா.

எனக்கு இன்னும் தீராதது ஒன்றுதான். கடைசி இரண்டு வரியிலும் ‘அழி’ என்றே வருகிறது, ஒன்று கார் மறப்பது, மற்றது மோட்டார் மறப்பது. களவு போன காருக்கு முதலாவது உதவாது, இரண்டாவதுதான் காப்பாற்றும், ஆனால் அது வீட்டில் மிச்சமுள்ள எல்லா ரிமோட்டையும் சேர்த்துத் துடைத்துவிடும். இதற்குத் தனிச் சொல் வேண்டுமா, இல்லை ‘கதவியக்கியில் அழி’, ‘காரில் அழி’ என்று இடத்தைச் சொன்னால் போதுமா? அண்ணையும், கோயம்புத்தூரிலிருந்து எழுதும் அக்காவும் பட்டியலை மூடுவதற்கு முன் ஒரு வரி எழுதினால் நல்லது.