பழைய புல்லட்டில் ஆயில் லீக்: விட்டான் சீலும் புது பிரீதரும் போட்டால் நிற்குமா?

வடசென்னை350
1998 மாடல் புல்லட் 350, வார்ப்பிரும்பு எஞ்சின். ரெண்டு நாள் ஓட்டாம விட்டா அடியில உள்ளங்கை அகலத்துக்கு ஆயில் தேங்குது. டைமிங் கவர் (எஞ்சினோட வலது பக்க மூடி) ஓரம், ராக்கர் கவர் (தலை மேல இருக்கற மூடி), எஞ்சினுக்குப் பின்னாடி, மூணு இடமும் ஈரம். டைமிங் கவர் கேஸ்கெட் மட்டும் இந்த வருஷம் ரெண்டு தடவை மாத்தியாச்சு. ஜி.பி. ரோட்டுல விட்டான் (சூடு தாங்குற ரப்பர்) ஆயில் சீல், சிலிக்கான் ராக்கர் கேஸ்கெட், ஒன்வே பிரீதர் வால்வு, ஆலன் போல்ட் செட்டு எல்லாம் கிடைக்குது. மொத்தமா வாங்கி மாட்டிடலாமா? ஊத்துற ஆயில் 20டபிள்யூ50.

ஆயில்கேன்
மொத்தமாக வாங்காதீர்கள். ஒரே இடத்தில் இரண்டு கேஸ்கெட் தோற்றிருக்கிறது என்றால் பழி கேஸ்கெட் மேல் இல்லை. உள்ளே காற்றழுத்தம் தங்குகிறது, இல்லையென்றால் கவர் வளைந்திருக்கிறது.

முதலில் பிரீதர், அதாவது எஞ்சின் மூச்சு விடும் குழாய். பிஸ்டன் கீழே இறங்கும்போதெல்லாம் கிராங்க் கேஸில் (எஞ்சினின் அடிக்கூட்டில்) இருக்கும் காற்று வெளியேறியாக வேண்டும். அந்தக் குழாய் நுனியில் வாத்து மூக்கு போலப் பிளந்த ரப்பர் ஒன்று இருக்கும். காற்றை வெளியே விடும், உள்ளே விடாது. வருஷக்கணக்கான சூட்டில் அது கல்லாகி பிளவு ஒட்டிக்கொள்ளும். அப்புறம் அழுத்தம் எந்த ஓரம் இளப்பமோ அது வழியாக ஆயிலைத் தள்ளும். கழற்றி வாயால் ஊதுங்கள்: தடையில்லாமல் போக வேண்டும், திரும்ப உறிஞ்சினால் வரக்கூடாது. ரீட் வகை ஒன்வே வால்வுக்குச் செலவழிப்பது வீணில்லை. எஞ்சினுக்கு எவ்வளவு கிட்டே வைக்கிறீர்களோ அவ்வளவு நல்லது. குழாய் துளை பழையதைவிடச் சின்னதாக இருந்தால் போட்டும் பயனில்லை.

அடுத்து டைமிங் கவர். ஒரு கண்ணாடித் தகட்டின் மேல் 400 நம்பர் எமரி பேப்பரை ஒட்டி, கவரைக் கவிழ்த்து எட்டுப் போடுவதுபோல நாலைந்து முறை தேயுங்கள். பளபளப்பு ஏறாத இடமெல்லாம் பள்ளம். ஓரம் முழுக்க ஒரே நிறம் வரும்வரை தேய்த்துவிட்டு, மண்ணெண்ணெயில் கழுவி, பேப்பர் கேஸ்கெட்டை லேசாக கிரீஸ் தடவி வையுங்கள். அனபாண்ட் பேஸ்ட்டைப் பிதுக்கி அடைப்பதுதான் நம் ஊர்ப் பழக்கம். அந்தக் கவருக்குள்தான் ஆயில் போகும் துளைகள் ஓடுகின்றன. உள்பக்கம் பிதுங்கிய பேஸ்ட் ஒரு துண்டு பிய்ந்து போய் அடைத்தால் பிக் எண்ட் (கனெக்டிங் ராடின் அடிப்பக்க பேரிங்) காலி. லீக் பரவாயில்லை என்று ஆகிவிடும்.

புதுப்பேட்டை மரை
மேலே சொன்னது ஓடும்போது கசியுறதுக்குச் சரி. இவர் சொல்றது நிறுத்தி வச்சா தேங்குதுன்னு. நிக்கிற எஞ்சினுக்குள்ள ஏது அழுத்தம்?

முதல்ல அது எந்த ஆயில்னு பாருங்க. இந்த வண்டியில எஞ்சின், பிரைமரி செயின்கேஸ் (எஞ்சின்லேருந்து கிளட்சுக்குப் போற செயின் பெட்டி), கியர்பாக்ஸ் மூணும் தனித்தனி. அடியில வெள்ளை அட்டை ஒண்ணு விரிச்சு வைங்க. சொட்டு எஞ்சின் ஆயில்தானா, கெட்டியா கியர் ஆயில் வாடை அடிக்குதான்னு தெரிஞ்சிடும்.

எஞ்சின் ஆயில்தான்னா, ஆயில் டேங்குல இருக்கறது ஆயில் பம்ப் வழியா மெதுவா கிராங்க் கேஸுக்கு இறங்கியிருக்கும். ரெண்டு நாள் நின்ன வண்டியில டிப்ஸ்டிக் பாருங்க. அஞ்சு நிமிஷம் ஓட்டிட்டு திரும்பப் பாருங்க. அளவு ஏறியிருந்தா அதேதான். குறையுதேன்னு நடுவுல ஊத்தி நிரப்பிடாதீங்க. மொத்தமே ரெண்டேகால் லிட்டர் சொச்சம்தான் பிடிக்கும், அதிகமானது பிரீதர் வழியாவே துப்பும்.

இன்னொண்ணு, ஆலன் போல்ட் செட்டு. பழைய வண்டியில பல இடத்துல கால் இன்ச் மரை. கடையில தர்ற எம்6 (6 மி.மீ.) போல்ட் உள்ள போகும், கடகடன்னு ஆடும், இறுக்கினா அலுமினிய மரையை வழிச்சிக்கிட்டு வந்துடும். பழைய திருகு ஒண்ணை எடுத்துட்டுப் போய் நட்டு மாட்டிப் பார்த்து வாங்குங்க.

வடசென்னை350
அட்டை வச்சுப் பார்த்தேன், எஞ்சின் ஆயில்தான். டிப்ஸ்டிக் அளவும் ஏறுது. ஆனா பிரைமரியோட லெவல் ஸ்க்ரூவை (ஆயில் அளவு பார்க்கற திருகை) திறந்ததும் நிக்காம கொட்டுது. அங்க நான் ஊத்தினது 420 மில்லிதான்.

ஆயில்கேன்
அப்படியானால் புதுப்பேட்டை மரை சொன்னதுதான் சரி, வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். கிராங்க் கேஸில் இறங்கி நிற்கும் ஆயில், பிரைமரி பக்கத்து கிராங்க் சீலைத் தாண்டுகிறது. விட்டான் சீல் போட வேண்டிய இடம் அதுதான். சாதா நைட்ரைல் ரப்பர் சூட்டில் சீக்கிரம் விறைத்துவிடும், விட்டான் அதிகம் தாங்கும். பிரைமரி கவர், ஆல்டர்னேட்டர், கிளட்ச், எஞ்சின் ஸ்ப்ராக்கெட் கழல வேண்டும். செயின் இருப்பதால் ஸ்ப்ராக்கெட்டும் கிளட்சும் சேர்ந்தேதான் வரும்.

பழைய சீலில் அச்சாகியிருக்கும் அளவைப் பார்த்து வாங்குங்கள். ஸ்பிரிங் தெரியும் பக்கம் எஞ்சினைப் பார்த்து இருக்க வேண்டும். சீலின் உதடு உரசும் இடத்தில் நகத்தை ஓட்டுங்கள். நகம் மாட்டினால் அங்கே பள்ளம் விழுந்திருக்கிறது. எவ்வளவு உசத்தி சீலும் நிற்காது. இடமிருந்தால் சீலை ஒரு மில்லிமீட்டர் தள்ளிப் பொருத்தலாம், இல்லையென்றால் அந்தப் பாகத்தை மாற்ற வேண்டும்.

புதுப்பேட்டை மரை
மூடும்போது பிரைமரி கவரோட நடு நட்டை வெறியா இறுக்காதீங்க. நடுவுல குழிஞ்சு ஓரம் தூக்கிக்கும். ரப்பர் வளையம் புதுசா இருந்தா மிதமா இறுக்கினாலே போதும். ராக்கர் கவருக்கு இப்போதைக்குச் செலவு வேண்டாம். பிரீதர் சரியான பிறகும் ஈரம் வந்தா சிலிக்கான் கேஸ்கெட் வாங்கிக்கலாம்.