650 ஏ.எம்.-ல் மாண்டலினை விழுங்கும் இரைச்சல்: வழி சொல்லுங்கள்

டென்னசியின் நாக்ஸ்வில்லில் இருக்கிறேன். சனிக்கிழமை இரவென்றால் நாஷ்வில்லின் டபிள்யூ.எஸ்.எம். வானொலி நிலையத்தில் (ஏ.எம். 650) கிராண்ட் ஓல் ஆப்ரி கேட்டாக வேண்டும். 1925-ல் தொடங்கிய கன்ட்ரி இசை நிகழ்ச்சி. 1939-ல் மாண்டலின் கலைஞர் பில் மன்றோ வந்து சேர்ந்த மேடை. செயலியில் கேட்கலாமே என்பீர்கள். தெரியும், ஆனால் எனக்கு ஏ.எம்.தான் வேண்டும்.

பத்து நாளாக, இருட்டியதும் ‘உர்ர்ர்’ என்று ஒரே சீரான இரைச்சல். விடிந்தால் நின்றுவிடுகிறது. பான்ஜோ எப்படியோ முண்டியடித்து வெளியே வந்துவிடுகிறது. மாண்டலினின் ‘சக் சக்’ தாளமும், ஃபிடிலும் அதில் மூழ்கிப் போகின்றன. இரவில் அலை ஏறி இறங்குவது பழகியதுதான். இது அதுவல்ல.

ரேடியோ மூன்று வருடப் பழசு, கையடக்க டிஜிட்டல் ட்யூனர், உள்ளே ஃபெரைட் ஆன்டெனா (கம்பி சுற்றிய தண்டு, திருப்பும் திசையைப் பொறுத்து அலையை வாங்கும்). பேட்டரியில் ஓட்டிப் பார்த்தேன். ரவுட்டர், எல்.இ.டி. பல்பு, சார்ஜர் எல்லாவற்றையும் அணைத்தேன். கடைசியில் மெயினையே இறக்கினேன். வீட்டில் திட்டு வாங்கியதுதான் மிச்சம். ஆக, இரைச்சல் வெளியிலிருந்து வருகிறது. மேற்கு ஜன்னலுக்கு நேரே, கார் நிறுத்துமிடத்தில் புதிதாகப் போட்ட விளக்குகள் மேல்தான் சந்தேகம். ரேடியோவைத் திருப்பினால் ஒரு கோணத்தில் இரைச்சல் அடங்குகிறது, அதே கோணத்தில் நாஷ்வில்லும் காணாமல் போகிறது. நாஷ்வில்லும் மேற்கேதானே!

அடுக்குமாடி வீடு, பால்கனியில் கம்பி கட்ட அனுமதி இல்லை. இரைச்சலும் நிலையமும் ஒரே திசையில் இருக்கும்போது, அறைக்குள் வைக்கும் லூப் ஆன்டெனாவால் (வளையமாகச் சுற்றிய கம்பி) பயன் உண்டா?