வணிகப் பள்ளிகளில் மூத்தது எது?

ஏட்டுச்சுவடி: "பிசினஸ் ஸ்கூல் என்ற ஒன்றை உலகத்துக்குக் கொடுத்ததே ஹார்வர்டுதான், 1908இல்" என்று நேற்று ஒருவர் இங்கே எழுதியிருந்தார். படித்ததும் எரிச்சலாக வந்தது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் வார்ட்டன் பள்ளி 1881லேயே வந்துவிட்டது. நிக்கலிலும் இரும்பிலும் சம்பாதித்த ஜோசப் வார்ட்டன் 1,00,000 டாலர் கொடுத்துத் தொடங்கியது. 27 வருடத்தை அப்படியே விழுங்கிவிடலாமா?

கிரிம்சன்: அந்த 'ஒருவர்' நான்தான், பேர் சொல்லியே திட்டலாம். எம்பிஏ படிப்பு 1908இல் ஹார்வர்டில்தான் தொடங்கியது. உங்கள் வார்ட்டனுக்கு எம்பிஏ வந்தது 1921இல். இளநிலை வகுப்பை வைத்துக்கொண்டு இவ்வளவு பெருமையா?

ஏட்டுச்சுவடி: எம்பிஏ பற்றி யார் கேட்டது? பள்ளி எப்போது வந்தது? 1881.

நடுவாந்திரம்: முதுநிலைதான் கணக்கு என்றால் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் டக் வணிகப் பள்ளி 1900. ஹார்வர்டுக்கு 8 வருடம் மூத்தது. கிரிம்சன் அதை வசதியாக மறந்துவிட்டார்.

கிரிம்சன்: டக் கொடுத்த பட்டத்தின் பெயர் எம்பிஏ இல்லை. 1908.

பாரிஸ்வாசி: அமெரிக்காவைத் தாண்டி எட்டிப் பார்க்கவே மாட்டீர்களா? பாரிஸில் ஈஎஸ்சிபி என்ற வணிகப் பள்ளி 1819இல் தொடங்கியது. பொருளியலாளர் ழான் பப்டீஸ்ட் சே அதற்குத் துணை நின்றவர். 1881க்கு 62 வருடம் முந்தியது.

ஏட்டுச்சுவடி: அது எந்தப் பல்கலைக்கழகத்தில் இருந்தது, சொல்லுங்கள். தனியார் தொடங்கினார்கள், 1869இல் பாரிஸ் வணிகர் சபை வாங்கிக்கொண்டது. பல்கலைக்கழகத்துக்குள் முதலில் வந்தது வார்ட்டன். 1881.

பாரிஸ்வாசி: மாட்டிக்கொண்டதும் பேச்சை மாற்றுவது உங்களுக்குப் புதிதில்லை. ஆக்ஸ்போர்டு திரியிலும் இதையேதான் செய்தீர்கள்.

ஏட்டுச்சுவடி: அங்கே நான் சொன்னது ஆக்ஸ்போர்டின் வணிகப் பள்ளியான சயீத் பள்ளி 1996 என்று. அது சரிதானே? பழைய கோபத்தை இங்கே கொண்டுவந்து கொட்டாதீர்கள்.

கிரிம்சன்: சரி, ஜோசப் வார்ட்டன் பணம் கொடுத்தது எதற்கு? உள்நாட்டுத் தொழிலைக் காக்க வெளிநாட்டுப் பொருட்கள் மீது போடும் காப்பு வரிதான் நாட்டுக்கு நல்லது என்று பாடம் நடத்த வேண்டும் என்பது அவர் விருப்பம். குழந்தைத் தொழிலாளர் முறையை எதிர்த்துப் பேசிய ஆசிரியர் ஸ்காட் நியரிங்கை 1915இல் அங்கிருந்து அனுப்பிவிட்டார்கள். இதுதான் உங்கள் முன்னோடியா?

ஏட்டுச்சுவடி: நியரிங்குக்கு நடந்தது அநியாயம், அதை நான் மறுத்ததே இல்லை. அதனால் 1881 என்ற வருடம் அழிந்துவிடுமா?

கிரிம்சன்: நிறுவனங்களில் நடந்த உண்மைச் சம்பவங்களை வைத்துப் பாடம் நடத்தும் 'கேஸ்' முறையை வளர்த்தது யார்? சட்டம் படித்த வாலஸ் டோனம், ஹார்வர்டில், 1919க்குப் பிறகு. இன்று பல பள்ளிகள் அதைப் பின்பற்றுகின்றன.

ஏட்டுச்சுவடி: 1919 எப்படி 1881க்கு முன்னால் வரும்? கழித்துப் பாருங்கள்.

நடுவாந்திரம்: டக் பற்றி நான் சொன்னதற்கு இன்னும் ஒருவரும் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை.

பாரிஸ்வாசி: லிஸ்பனில் 1759லேயே அரசு நடத்திய வணிக வகுப்பு இருந்தது. போர்ச்சுகலின் அமைச்சர் பொம்பால் காலத்தில். அதற்கும் ஒரு சாக்கு வைத்திருப்பீர்களே?

ஏட்டுச்சுவடி: அதுவும் பல்கலைக்கழகம் இல்லை. எத்தனை தடவை எழுதுவது? 1881.

கிரிம்சன்: எம்பிஏ. 1908.