எஸ்.என்.எஃப். இறங்குகிறது, பால் கரிக்கிறது, மடியில் வீக்கமே இல்லை. எங்கே பார்ப்பது?

பூம்பாறைக்காரன் (திங்கள் இரவு)

எல்லோருக்கும் வணக்கம். கொடைக்கானல் மேல்மலை, பூம்பாறை. பூண்டு, கேரட் போக, வீட்டில் நான்கு எச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன்) கலப்பு மாடுகள். மூன்று எங்கள் தொழுவத்திலேயே பிறந்தவை. நான்காவதைக் கார்த்திகையில் கீழே சந்தையில் பிடித்து வந்தோம். மூன்றாம் ஈத்து, நாளைக்குப் பதினான்கு லிட்டர். அம்மா அதற்குச் ‘சந்தைக்காரி’ என்றே பெயர் வைத்துவிட்டார். வெள்ளச்சி முந்தாநாள்தான் கன்று போட்டது, அதன் பால் இன்னும் கேனுக்கு வரவில்லை.

தை பிறந்ததிலிருந்து, பால் ஊற்றுகிற இடத்தில் எஸ்.என்.எஃப். (பாலில் கொழுப்பு போக மிச்சமுள்ள திடச்சத்து, நூற்றுக்கு இவ்வளவு என்று) கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி 8.4 இப்போது 7.8 ஆகிவிட்டது. கொழுப்பு 4.2, அது மட்டும் அப்படியே இருக்கிறது. போன வாரம் அளக்கிறவர் நாலு பேர் முன்னால், “என்ன, மாட்டோட சேர்ந்து குழாயும் கறக்குதா?” என்று கேட்டுவிட்டார். அம்மா அன்றைக்கு முழுக்கச் சாப்பிடவில்லை. ஒரு சொட்டுத் தண்ணீர் நாங்கள் கலப்பதில்லை.

டீ போட்டால் நாக்கு ஓரத்தில் லேசாகக் கரிக்கிறது. தயிர் உறைகிறது, ஆனால் கரண்டி பட்டதும் நீர் விட்டு உடைகிறது. மடியில் வீக்கம், சூடு, கட்டி ஒன்றும் கிடையாது. மாடுகள் நன்றாகத் தின்கின்றன. உறைபனியில் புல் கருகிப் போனதால் கேரட் தழையும் முட்டைக்கோஸ் இலையும் போடுகிறோம். பூண்டுத் தாளும் கொஞ்சம் வாயில் போயிருக்கும். அதுதான் காரணமா? தீவனத்தை மாற்றினால் சரியாகுமா?

அடிவாரப் பால்காரர் (திங்கள் இரவு)

தாது உப்பு கொடுங்கள், புண்ணாக்கைக் கூட்டுங்கள். எதற்கும் மருந்துக்கடையில் மடி டியூப் (காம்புத் துளை வழியே ஏற்றுகிற மருந்து) வாங்கி எல்லா மாட்டுக்கும் ஆளுக்கொன்று ஏற்றிவிடுங்கள். நான் அப்படித்தான் செய்வேன்.

மன்னவனூர் அக்கா (செவ்வாய் காலை)

தம்பி, பூண்டைக் குறை சொல்லாதே. பூண்டுத் தாள் தின்ற மாட்டின் பால் நாறும், கரிக்காது. கறப்பதற்கு முன்னால் தின்றிருந்தால் சில மணி நேரத்திலேயே வாடை ஏறிவிடும், டீக்கடைக்காரரே கண்டுபிடித்துவிடுவார். தாளைக் கறந்த பிறகு போட்டால் அந்தத் தொல்லையும் பெரும்பாலும் இருக்காது. கரிக்கிற பால் என்றால் எனக்கு மடியின் மேல்தான் சந்தேகம். வீக்கம் இல்லை என்று விட்டுவிடாதே, எங்கள் வீட்டிலும் அப்படித்தான் விட்டோம்.

அப்புறம், டியூப் ஏற்றச் சொன்ன அண்ணனுக்கு ஒன்று: எந்தக் காம்பு என்றே தெரியாமல் பதினாறு காம்புக்கும் மருந்தா?

ஓய்வுபெற்ற ஆய்வாளர், கோத்தகிரி (செவ்வாய் மதியம்)

கால்நடைத் துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். மருத்துவர் அல்ல, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முதலில் உங்கள் அம்மாவின் வழக்கு. அவர் பக்கம் கணக்கே சாட்சி சொல்கிறது. 8.4 தண்ணீரால் 7.8 ஆக வேண்டுமானால் நூறில் ஏழு பங்கு தண்ணீர் சேர்ந்திருக்க வேண்டும். அதே ஏழு பங்கு கொழுப்பிலும் குறைந்து 4.2 என்பது 3.9 ஆகியிருக்கும். தண்ணீர் ஒன்றை மட்டும் பார்த்துக் குறைக்காது. உங்களுக்கு அது நகரவே இல்லை. இதை அளக்கிறவரிடம் சண்டையாக இல்லாமல், பால் கணக்கு அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள்.

தீவனமும் ஒரு காரணமாக இருக்கலாம்தான். கேரட் தழையிலும் கோஸ் இலையிலும் பெரும்பகுதி நீர். வயிறு நிறையும், மாவுச்சத்து போதாது, எஸ்.என்.எஃப். இறங்கும். ஆனால் தீவனக் குறையால் பால் உப்பாகாது. மடிக்குள் அழற்சி இருந்தால் பால் சுரக்கும் திசுக்களின் இடுக்கு வழியே இரத்தத்திலிருந்து சோடியமும் குளோரைடும் பாலில் கசியும். பால் சர்க்கரையான லாக்டோஸ் குறையும், தயிரை இறுக்கிப் பிடிக்கிற கேசின் என்ற புரதமும் குறையும். கரிப்பு, எஸ்.என்.எஃப். சரிவு, உடையும் தயிர் மூன்றும் ஒரே இடத்தைக் காட்டுகின்றன. இதை மறை மடிநோய் என்பார்கள். கண்ணுக்குத் தெரிகிற மடிநோய் ஒன்று இருந்தால், தெரியாதது பல மடங்கு இருக்கும்.

சோதனை வீட்டிலேயே செய்யலாம். கலிபோர்னியாவில் 1957இல் வந்த மடிநோய்ச் சோதனை முறையின் ஏழை உறவுக்காரன் இது. அரை லிட்டர் தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சலவைத்தூள் போட்டுக் கரைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு காம்பிலும் முதல் மூன்று நான்கு பீய்ச்சலைத் தனியே ஒரு கறுப்புத் தட்டில் விட்டுப் பாருங்கள், திரி (பால் கட்டி) இருந்தால் அதில் தெரியும். அப்புறம் நான்கு கிண்ணம், காம்புக்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் கொஞ்சம் பால், அதே அளவு சோப்புக் கரைசல். ஒரு நிமிடம் வட்டமாகச் சுழற்றுங்கள். நல்ல பால் தண்ணீராகவே ஓடும். நோயுள்ள பால் குழகுழவென்று முட்டை வெள்ளைபோலத் திரளும். கிருமியோடு சண்டை போட வந்த வெள்ளை அணுக்களைச் சோப்பு உடைக்கிறது, உள்ளிருந்து வெளியே வரும் டி.என்.ஏ.தான் அந்தக் குழகுழப்பு. எவ்வளவு கெட்டியோ அவ்வளவு அணுக்கள்.

நான்கு காம்புப் பாலையும் ஒன்றாகக் கலந்து சோதிக்காதீர்கள். மூன்று நல்ல காம்பு ஒரு கெட்ட காம்பை மறைத்துவிடும்.

பூம்பாறைக்காரன் (புதன் இரவு)

ஐயா, நன்றி. இன்று காலை செய்தேன். குளிரில் விரல் மரத்துப்போய் ஒரு கிண்ணத்தைக் கொட்டிவிட்டேன், மறுபடியும் பிடித்தேன். முடிவைப் பார்த்துத் தலை சுற்றுகிறது.

செவலை: மூன்று காம்பு தண்ணீர். பின் வலது காம்பில் மட்டும் லேசாக நூல்போல ஒன்று தெரிந்தது, சுற்றச் சுற்றக் கரைந்துவிட்டது. கறுப்பி: நான்கும் சுத்தம். சந்தைக்காரி: பின்னால் இரண்டு காம்பும் அப்படியே திரண்டு கிண்ணத்தின் நடுவில் குவிந்தன, சாய்த்தால் மொத்தமாக வழுக்கி விழுந்தன. முன் காம்பு இரண்டும் சரி. இவ்வளவுக்கும் தொழுவத்திலேயே அழகான மடி அதற்குத்தான். கறுப்புத் தட்டில் ஒரு திரிகூட இல்லை.

பயம் என்னவென்றால் வெள்ளச்சி. நான்கு கிண்ணமும் திரண்டுவிட்டது! நம் வீட்டில் பிறந்த மாடு, ஒரு நாளும் சந்தைக்குப் போனதில்லை.

மன்னவனூர் அக்கா (புதன் இரவு)

கன்று போட்டு நாலு நாள்கூட ஆகவில்லையே தம்பி! சீம்பாலில் இந்தச் சோதனை செய்தால் எல்லாமே திரளத்தான் செய்யும். நான்கும் ஒரே மாதிரித் திரண்டதே அதற்கு அடையாளம். ஒரு பத்து நாள் போகட்டும். பால் வற்றப்போகிற கடைசிக் கட்டத்திலும் இப்படித்தான் ஏமாற்றும்.

ஓய்வுபெற்ற ஆய்வாளர், கோத்தகிரி (வியாழன் காலை)

அக்கா சொன்னதுதான். வெள்ளச்சியை இப்போதைக்கு விடுங்கள். செவலைக்கும் அவசரமாக மருந்து வேண்டாம், பத்து நாள் கழித்து மறுபடி பாருங்கள்.

இப்போது நான் கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். கறப்பது யார்? எந்த மாட்டை முதலில் கறக்கிறீர்கள்? மடி துடைக்கத் துணி எத்தனை?

பூம்பாறைக்காரன் (வியாழன் மதியம்)

அம்மாதான் கறக்கிறார். முதலில் சந்தைக்காரி, ஏனென்றால் விடியும் முன்பே அதுதான் கத்தும், பாலும் அதிகம். அப்புறம் செவலை, கடைசியில் கறுப்பி. துணி ஒன்று. வெந்நீரில் நனைத்துப் பிழிந்து எல்லா மடியும் துடைப்போம். வெந்நீர் என்பதால் சுத்தம் என்று நினைத்திருந்தோம்.

எழுதும்போதே எனக்குப் புரிகிறது.

ஓய்வுபெற்ற ஆய்வாளர், கோத்தகிரி (வியாழன் இரவு)

அதேதான். சந்தைக்காரியின் மடியிலிருந்து துணி வழியாகவும், அம்மாவின் உள்ளங்கை வழியாகவும் செவலையின் காம்புக்குப் பாதை போட்டிருக்கிறீர்கள். கறுப்பி கடைசி, அதுவரைக்கும் தப்பியிருக்கிறது. கைக்குப் பொறுக்கிற வெந்நீர் கிருமியைக் கொல்லாது, குளிரில் அதற்கு இதமாகத்தான் இருக்கும். நாளைக் காலையிலிருந்து வரிசையைத் திருப்புங்கள்: கறுப்பி, வெள்ளச்சி, செவலை, கடைசியாகச் சந்தைக்காரி. அது கத்தினால் கத்தட்டும். மாட்டுக்கு ஒரு துணி, கறந்ததும் வேகவைத்துக் காயப் போடுங்கள்.

கறந்து முடித்ததும் காம்பை மருந்தில் முக்குவது உங்கள் ஊரில் யாரும் செய்வதில்லை என்று தெரியும், எங்கள் பக்கமும் அப்படித்தான். காம்புத் துளை முழுசாக மூடிக்கொள்ள அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். அதற்குள் மாடு சாணியில் படுத்தால் கதவைத் திறந்துவைத்ததுபோல. அரை சதவீத அயோடின், கிளிசரின் கலந்தது, காம்பு மருந்து என்றே கிடைக்கும். உறைபனி நாளில் முக்கி அரை நிமிடம் விட்டு ஒற்றி எடுத்துவிடுங்கள். ஈரக் காம்பு அந்தக் காற்றில் வெடிக்கும், வெடிப்பில்தான் ஸ்டெஃபைலோகாக்கஸ் என்ற மடிநோய்க் கிருமி குடியிருக்கும். முக்கியதும் தீவனம் போட்டால் மாடு நின்றுகொண்டே தின்னும், படுக்காது.

சந்தைக்காரிக்கு மருந்து போடுவதற்கு முன்பே பால் மாதிரி எடுக்க வேண்டும். மருத்துவரைக் கூப்பிடுங்கள், 1962 என்ற எண்ணுக்கு அடித்தால் நடமாடும் வண்டி வரும். ஸ்பிரிட் பஞ்சால் காம்பு நுனியைத் துடைத்து, முதல் பீய்ச்சல்களை விட்டுவிட்டு, கொதிக்கவைத்த சீசாவைச் சாய்த்துப் பிடித்து எடுங்கள். ஐஸில் வைத்து அன்றே அனுப்ப வேண்டும். எந்தக் கிருமி, எந்த மருந்துக்குக் கேட்கும் என்று இரண்டு மூன்று நாளில் தெரிந்துவிடும்.

அடிவாரப் பால்காரர் (வெள்ளி காலை)

டியூப் என்றதற்கு அக்கா கோபித்துக்கொண்டார், நியாயம்தான். கற்றாழை வைத்தியம் பண்ணலாமா? கற்றாழை 250 கிராம், மஞ்சள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் அரைத்து, மடியைக் கழுவிவிட்டு நாளைக்குப் பத்து தடவை பூசுவது. தேசிய பால்வள மேம்பாட்டு வாரியமே இதைச் சொல்லித் தருகிறது.

ஓய்வுபெற்ற ஆய்வாளர், கோத்தகிரி (வெள்ளி மதியம்)

தெரியும், வீக்கமுள்ள மடியில் நானே பூசவைத்திருக்கிறேன். பூசட்டும், தடை இல்லை. ஆனால் மாதிரி எடுத்த பிறகு பூசட்டும். பூசியதால் சோதனையை விட்டுவிடவும் கூடாது.

பூம்பாறைக்காரன் (மூன்று வாரம் கழித்து)

தாமதத்துக்கு மன்னிக்கவும், உருளை நடவில் மாட்டிக்கொண்டேன்.

ஆய்வகத்தில் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்று வந்தது. மருத்துவர், அவர்கள் எழுதிய பட்டியலைப் பார்த்து மருந்து தேர்ந்தெடுத்து, பின் காம்பு இரண்டுக்கும் டியூப் போட்டார். முழுக்கக் கறந்து முடித்து, நுனியை ஸ்பிரிட்டால் துடைத்து, டியூப்பின் மூக்கைக் கொஞ்சம் மட்டும் உள்ளே விட்டார். நான் முழுசாக நுழைக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். இந்தக் கிருமி மடித் திசுவுக்குள் ஒளிந்துகொள்ளும், ஒரே சுற்றில் போகாமல் இருக்கலாம், வற்றவிடும்போது நான்கு காம்புக்கும் மறுபடி மருந்து ஏற்றிப் பார்க்கலாம், அதிலும் கேட்காவிட்டால் மாட்டை வைத்துக்கொள்வதா என்று அப்போது யோசிக்கலாம் என்றார்.

அம்மாவோடு ஒரு சண்டை நடந்தது. பின் காம்புப் பாலைத்தானே கொட்ட வேண்டும், முன் காம்புப் பால் நல்லதுதானே, அதைக் கேனில் ஊற்றலாம் என்றார். மருத்துவர் கூடாது என்றார்: மருந்து இரத்தத்தில் கலந்து மற்ற காம்புக்கும் போகும், பெட்டியில் போட்டிருக்கிற நாள் முடியும்வரை நான்கு காம்புப் பாலும் வெளியே போகக் கூடாது. அம்மாவுக்கு நம்பிக்கை வரவில்லை. முன் காம்புப் பாலில் ஒரு தம்ளர் எடுத்துக் காய்ச்சி, மறைவாக உறை ஊற்றி வைத்திருக்கிறார். மறுநாள் காலையில் அது பாலாகவே நின்றது. உறைமோரையே மருந்து கொன்றுவிட்டது என்று சொன்னதும் தம்ளரைக் கழுவி வைத்துவிட்டார். அதற்கப்புறம் ஒரு சொட்டும் கேனுக்குப் போகவில்லை. எத்தனை லிட்டர் பூண்டுக்காட்டு ஓரம் போனது என்று மட்டும் கேட்காதீர்கள்.

நேற்றுச் சோதித்ததில் சந்தைக்காரிக்குப் பின் இடது தெளிவு, பின் வலது இன்னும் கொஞ்சம் நூல் கட்டுகிறது. செவலை சுத்தம், வெள்ளச்சியும் சுத்தம் (அக்கா வாய்க்குச் சர்க்கரை). கேன் பால் நேற்று 8.3. அளக்கிறவர் அட்டையைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. அம்மாவும் ஒன்றும் சொல்லவில்லை, பில்லை மட்டும் இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார்.

ஒரு சந்தேகம் மிச்சம். வெளிநாட்டில் பாலில் நீங்கள் சொன்ன அணுக்களை எண்ணியே விலை வைப்பார்களாமே, எவ்வளவு இருந்தால் நல்ல பால்?

ஓய்வுபெற்ற ஆய்வாளர், கோத்தகிரி (அன்று இரவு)

ஒரு மில்லிலிட்டரில் இரண்டு லட்சத்துக்குக் கீழே இருந்தால் மடி நலமாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். பல மாட்டுப் பால் கலந்த கூட்டுப் பாலுக்கு ஐரோப்பாவில் நான்கு லட்சம் வரை, அமெரிக்காவில் ஏழரை லட்சம் வரை அனுமதி. உங்கள் கிண்ணத்தில் திரளாமல் ஓடினால் ஏறக்குறைய அந்த இரண்டு லட்சத்துக்குள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் ஒரு முறை செய்யுங்கள். அடுத்து எந்த மாடு வாங்கினாலும் பேரம் பேசும் முன் கிண்ணத்தை எடுங்கள்.

அம்மா முழுக்கையால் கறக்கிறாரா, கட்டைவிரலை மடக்கியா?

பூம்பாறைக்காரன் (அன்று இரவு)

மடக்கித்தான். காம்பு நசுங்குகிறது என்று நேற்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். நாற்பது வருடமாக இப்படித்தான் கறக்கிறேன், நீயும் அந்தப் பாலில்தான் வளர்ந்தாய் என்றார். வாரம் ஒரு மாடு வீதம் பழக்கப் பார்க்கிறேன் ஐயா, முதலில் கறுப்பி.